பகலைப் பார்க்காத வண்டிகள்

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எங்கள் பின்னறையை எட்டிப் பார்க்கிற எல்லோரும் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. அலமாரி நிறைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகள். உப்பிய கன்னமும் உருண்டைக் கண்ணுமாக நாற்பதுகளின் ஃபோர்டுகள், பின்தொட்டியில் மரப்பலகை பதித்த ஐம்பதுகளின் செவ்ரோலெட்டுகள், பெயர் எனக்கு ஞாபகம் நிற்காத இன்னும் பல. எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். டைகாஸ்ட் மாடல் என்று சொல்ல வேண்டும். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது, கதவு திறக்கும், ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் திரும்பும். அவர் ஓட்டுநர் தேர்வுக்குப் போனால் மட்டும் எதுவும் திரும்பாது. பின்பக்கம் எடுக்கச் சொன்னதும் கை உதறி, இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

வேலை லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருகிற மனிதர் நீண்டு நேராகப் போகிற சாலைகளுக்கான வண்டிமேல் ஆசைப்பட்டதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம். கல்யாணமான புதிதில் அதை நான் மிக அழகான விஷயம் என்று நினைத்தேன். ஆளில்லாத சமவெளி, தூரத்தில் ஒரு தூசிக்கோடு, அதன் முனையில் ஒரு பச்சை வண்டி, ஓட்டுவது இவர். அப்படியெல்லாம் கற்பனை செய்தேன். இப்போது அந்தச் சமவெளி என் வீட்டில் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்பினால், உடைந்துபோன பல்லுக்குப் பதிலாகப் பீங்கானில் புதுசு செய்துகொடுக்கிற ஆள். பீங்கான் தூளை நீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, கையடக்கமான சூளையில் சுட்டெடுக்க வேண்டும். நான் வேலை பார்த்த கூடம் ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியது. போகவர இரண்டு பஸ் மாறி, வேலையைவிடப் பயணம் பெரிதாகிவிட்டது. விட்டுவிட்டேன். எனக்குப் பழக்கமான டாக்டரம்மா ஒருத்தர், முன்பல் வேலையெல்லாம் உனக்கே அனுப்புகிறேன், வீட்டிலேயே செய் என்றார். அவரை நம்பித்தான் சூளை வாங்கினேன். வேறு டாக்டர் யாரும் எனக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை.

முன்பல்லில் எல்லாமே நிறம்தான். வடிவத்தில் சின்னத் தப்பு இருந்தால் மன்னிப்பார்கள், நிறத்தில் மன்னிக்கவே மாட்டார்கள். நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், அதுவும் நேர்வெயில் விழாத ஜன்னலின் நிதானமான வெளிச்சம். எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது. பின்னறையில்.

அந்த ஜன்னலுக்கு அவர் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். வெளிச்சம் பட்டால் வண்டிகளின் சாயம் வெளுத்துவிடுமாம். இந்த ஜன்னலில் வெயிலே விழாதே என்றால், "வெளிச்சம்னா வெளிச்சம்தான்" என்பார், அணு விஞ்ஞானி மாதிரி. இருட்டிய அறைக்குள் அலமாரித் தட்டுகளில் குட்டிக்குட்டி மஞ்சள் விளக்குகள். அவருடைய கூட்டாளிகளும் இப்படித்தான். அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் அறை இருண்டுகிடக்கும், ஒவ்வொருவர் மனைவியும் பெருமூச்சு விடுவாள். வண்டியைக் கைமாற்றுவதென்றாலும் மாலை மங்கியபிறகு துணியில் சுற்றி எடுத்துப்போவார்கள். பார்க்கிறவர்கள் வேறென்னவோ கடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அறையைக் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. அதுதான் எரிச்சல். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "தாராளமா எடுத்துக்கோ, உன் வீடு இல்லையா" என்றார் டீயைக் குடித்துக்கொண்டே. அந்த ஞாயிறு எல்லா வண்டிகளையும் கீழே இறக்கினார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பிறகு மயிர்த்தூரிகையால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, எல்லாவற்றையும் வருட வரிசைப்படி மறுபடி அடுக்கினார். அடுத்த ஞாயிறு இறக்கினார், நிற வரிசைப்படி அடுக்கினார். அதற்கடுத்த ஞாயிறு கம்பெனி வரிசை. கேட்டால், எடுத்துவைப்பதற்கு முன் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டாமா என்றார். இப்படி ஓர் ஒழுங்கை நான் எந்த ஜென்மத்திலும் பார்த்ததில்லை.

ஆகவே சமையலறையில் குடியேறினேன். அடுப்புக்குப் பக்கத்தில் சூளை, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் பீங்கான் தூள். ஒருநாள் அவர் அதில் ஸ்பூனை விட்டுவிட்டார். நான் கத்தாமல் இருந்திருந்தால் மனிதர் வயிற்றுக்குள்ளேயே பல் முளைத்திருக்கும்.

சமையலறை டியூப்லைட்டில் செய்த முன்பல் ஒன்று டாக்டரம்மாவிடமிருந்து திரும்பிவந்தது. நிறத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி செய்து அனுப்பினேன். அதுவும் திரும்பிவந்தது. பல்லுக்குச் சொந்தக்காரி சுற்றுலா வழிகாட்டி. பகலெல்லாம் கொடியைத் தூக்கிக்கொண்டு, வெளியே நின்று, வாயைத் திறந்து பேசுவதுதான் அவள் பிழைப்பு. கிளினிக் விளக்கில் பார்த்தால் குறையொன்றுமில்லை, வாசலுக்குப் போனால் ஒரு பல் மட்டும் முன்னால் வந்து வணக்கம் சொல்கிறது என்றார் டாக்டரம்மா. அவர் கோபப்படுகிறவர் இல்லை. அதனால்தான் அடுத்து சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"அவங்களையே உன்கிட்ட அனுப்பறேன்மா. நேர்ல பாத்து செய். இந்தத் தடவையும் ஒத்துவரலைன்னா நான் வேற இடத்துல குடுத்துடுவேன், தப்பா எடுத்துக்காத."

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். இது ஒரு பல் விஷயம் இல்லை, இது போனால் டாக்டரம்மா போவார், அவர் போனால் சூளையில் ரொட்டிதான் சுட வேண்டும் என்றேன். அவர் முகம் உண்மையிலேயே வாடியது. வெள்ளிக்கிழமைக்குள் அறை காலி, காகிதமும் கிழித்தாயிற்று என்று நினைத்துக்கொள் என்றார். நானும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே கைவந்த கலை.

சனிக்கிழமை காலை பின்னறைக் கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. மஞ்சள் விளக்குகளின் கீழ் அவரும் பம்பரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பம்பர் சங்கத்துக் கூட்டாளி. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து பம்பரைப் பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். அலமாரியில் ஒரு வண்டிகூட நகரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், துண்டு விரித்து, கடல் பச்சை நிறத்தில் ஒரு வண்டி.

"பாருங்க அண்ணி, இந்தப் பச்சையைக் கம்பெனிக்காரன் ஒரே வருஷம்தான் போட்டான்" என்றான் பம்பர், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

பாவம், அது அவனுடையதாக இருந்த வண்டி. எத்தனையோ மாதம் கெஞ்சி, தன்னுடைய நல்ல வண்டிகள் மூன்றைக் கொடுத்து, இவர் அதை வாங்கியிருந்தார். பம்பருக்கு மனசு கேட்காமல் அவ்வப்போது பார்க்க வருவான், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிற மாதிரி.

நான் ஏதாவது சொல்வதற்குள் வாசல்மணி அடித்தது.

வழிகாட்டி நல்ல உயரம், வெயிலில் பழுத்த முகம், பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். தற்காலிகமாக வைத்திருந்த பல் சாக்பீஸ் துண்டு மாதிரி இருந்தது. மதியம் ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போக வேண்டும், சீக்கிரம் முடியுமா அக்கா என்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறை ஜன்னலடியில் போட்டேன். அவளை உட்காரவைத்தேன். பிறகு ஜன்னலருகே போய், அந்தக் கறுப்புக் காகிதத்தின் மேல் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பாக இழுத்தேன்.

சத்தம் பெரிதாகத்தான் வந்தது. வீட்டுக்காரர் ஒரு கையை நீட்டிக்கொண்டு பாதியில் எழுந்து நின்றார். அறைக்குள் பகல் வந்து நின்றது, யாரோ அழைத்து வெகுகாலம் கழித்து வந்த விருந்தாளி மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு. அலமாரிக் கண்ணாடியில் இருந்த விரல் ரேகைகள், மூலையில் ஒட்டடை, இரண்டு ஆண்களின் சவரம் செய்யாத முகம், எல்லாம் தெரிந்தது. துண்டின்மேல் நின்ற வண்டியும் தெரிந்தது.

அப்போதே பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, என் கண் அப்படிப் பழகிப்போனது. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பகலில் கொண்டுவந்து நிறுத்தினால் நீ யாரோ நான் யாரோ என்று பிரிந்துவிடும். திரும்பிவந்த என் பல்லுக்கும் அதே கதைதான். அந்த வண்டியின் உடம்பு கடல் பச்சை. வலதுபக்கக் கதவு அந்தப் பச்சை இல்லை. அதில் ஒரு பொட்டு மஞ்சள் கூடுதல். யாரோ, எப்போதோ, கவனமாக, அந்தக் கதவுக்கு மட்டும் மறுசாயம் பூசியிருக்கிறார்கள். மறுசாயம் பூசிய வண்டியை இவர்கள் வண்டியாகவே மதிப்பதில்லை.

இப்போது இதைப் பேசுவதற்கில்லை என்று முடிவு செய்து, நிற மாதிரிகளை எடுத்தேன். விசிறி மாதிரி விரிகிற கம்பிகளின் நுனியில் ஒவ்வொரு பல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். வழிகாட்டியை வாயைத் திறக்கச் சொன்னேன். இதில் அவசரம் ஒன்று உண்டு. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்துவிடும், காய்ந்த பல் வெளுத்துத் தெரியும். ஈரம் இருக்கும்போதே பார்த்து முடிக்க வேண்டும். விட்டால், அவள் வாயை மூடி, எச்சில் ஊறி, பழைய நிறத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவளுக்கோ மதியம் வேலை.

முதல் மாதிரியை அவள் பல்லருகே கொண்டுபோன நேரத்தில் அவள் கண் தரைக்குப் போனது. கூட்டத்துக்கு எதையாவது சுட்டிக்காட்டியே பழகியவள். வாயைத் திறந்தபடியே விரலை நீட்டினாள்.

"அந்த வண்டிக்கு ஒரு கதவு மட்டும் ஏன் வேற கலர்ல இருக்கு?"

பாதி எழுத்துகள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

பம்பர் கதவைக் கிட்டத்தில் பார்க்க அப்படியே குப்புறப் படுத்துவிட்டான், கன்னம் தரையில் படும்படி. வீட்டுக்காரர் சிரித்தார். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் அப்படித் தோன்றும் என்றார். வண்டியைத் திருப்பிவைத்தார். கதவும் கூடவே திரும்பியது, நிறம் மட்டும் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கே வந்தார். மூக்கோடு ஒட்டிப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். பம்பரும் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் இந்த வண்டியை வேறொரு சங்கத்துக்காரரிடம்தான் வாங்கியிருந்தான், அவர் இன்னொருவரிடம். ஓர் இருட்டறையிலிருந்து இன்னோர் இருட்டறைக்கு, துணிக்குள் சுருண்டபடியே ஊரைச் சுற்றி வந்திருக்கிறது இந்த வண்டி. இத்தனை வருடத்தில் இத்தனை நிபுணர்கள் கையில் ஒரு காலைப் பொழுதைக்கூட அது பார்த்ததில்லை.

எல்லாம் சரி. ஆனால் இரண்டு பேரும் என் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வழிகாட்டியின் முகத்தில் இரண்டு தலைகளின் நிழல். அவளுடைய பற்கள் திறந்த வாய்க்குள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்குமேல் ஒன்று செய்தார் என் வீட்டுக்காரர். தரையில் கிடந்த கறுப்புக் காகிதத்தை எடுத்து மறுபடி ஜன்னலில் வைத்து அழுத்தினார். வெளிச்சத்தை மூடிவிட்டால் கதவு பழைய பச்சைக்குப் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினார் போல.

"நகருங்க," என்றேன். "எனக்குப் பல்லு தெரியல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பம்பர் உடனே சுவரோரம் ஒதுங்கிவிட்டான். இவர் நகரவில்லை. காகிதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறுகையில் இருந்த வண்டியை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. உன் கண்ணு தப்பாப் பாக்காது. இது பூசினதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வண்டிகளைப்பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட அவர் கேட்டதில்லை. சொல்வார், கேட்கமாட்டார். இப்போது கேட்கிறார், ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, என் பிழைப்பு அந்த வாய்க்குள் காய்ந்துகொண்டிருக்கும்போது. எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் முகம், ஓட்டுநர் தேர்வில் வண்டியைப் பின்பக்கம் எடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"முதல்ல பல்லு," என்றேன். "அப்புறம் கதவு. காகிதத்தை விடுங்க."

விட்டார். அது தானாகவே சுருண்டு கீழே விழுந்தது.

வழிகாட்டியை வாயை மூடி, நாக்கால் பற்களைத் துழாவச் சொன்னேன். பல் தன் நிறத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு பார்த்தேன். சாம்பல் நிற அட்டையில் கண்ணை ஊன்றி ஆறவைத்து, சட்டென்று ஒரு பார்வை, மறுபடி அட்டை. நீண்டநேரம் உற்றுப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். அவள் பல்லின் கழுத்தில் ஒரு தேன் நிறம் இருந்தது, நுனியில் கண்ணாடி போல நீலம், நடுவில் வெயிலைக் குடித்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. டியூப்லைட்டில் இது எப்படித் தெரிந்திருக்கும். மாதிரிகளில் இரண்டைச் சேர்த்தால் கிடைக்கும் நிறம் அது. எந்தக் கலவை, எந்த அடுக்கில் என்று மனசுக்குள் ஓடியது. அந்தக் கொஞ்சநேரம் அறையில் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் அவள் எழுந்து, வண்டி ரொம்ப அழகாக இருக்கிறது, இரண்டு கலர் கதவும் ஒரு ஸ்டைல்தான் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு கையை நீட்டினேன். அவர் வண்டியை என் கையில் வைத்தார். கதவை ஒருமுறை திறந்தேன். உள்விளிம்பில் பழைய பச்சை ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது.

"பூசினதுதான்," என்றேன். "நல்லா பூசியிருக்காங்க."

பம்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்று வண்டிகளையும் நாளைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்றான். இவர் தலையை ஆட்டி மறுத்தார். உனக்கும்தான் தெரியாதே என்றார். இருவரும் துக்கவீட்டில் மாதிரி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பம்பர் ஏதோ நினைத்துக்கொண்டவன் போல அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவன் அறையிலும் நாற்பது வண்டியாவது இருக்கும்.

சமையலறையில் தூளைக் குழைக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் அடுக்குக்கும் நிறம் சரிபார்க்கப் பின்னறை ஜன்னலுக்குப் போய்வந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் இத்தனை மாதம் கெஞ்சியும் நடக்காதது ஒரே மதியத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டியையும் அலமாரிக்குள்ளேயே துண்டால் மூடி, நெஞ்சோடு அணைத்து, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து படுக்கையறைக்குக் கொண்டுபோனார். நான் எதிரே வந்தால் நின்றுவிடுவார்.

"நீ பாக்காத," என்றார் ஒருமுறை. "அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். சொந்த வீட்டு நடையில், கையில் ஈரப் பீங்கானோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு. பல் காய்ந்துகொண்டிருந்தது, அவர் என் முதுகுக்குப் பின்னால் எதையோ பொத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

படுக்கையறை அலமாரியிலிருந்த என் துணிகளெல்லாம் கட்டில்மேல் மலையாகக் கிடந்தன. திரைச்சீலையை இழுத்து, இடுக்கில்லாமல் ஊசிபோட்டுக் குத்திவைத்திருந்தார். இனிமேல் காலையில் எது உள்பாவாடை எது தலையணை உறை என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றே ஒருமுறை கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன்.

பல்லைத் திங்களன்று அனுப்பினேன். அது திரும்பிவரவில்லை. இந்த வேலையில் யாரும் கூப்பிட்டுப் பாராட்டமாட்டார்கள், திரும்பிவராததுதான் பாராட்டு. வார இறுதியில் டாக்டரம்மா இன்னும் இரண்டு முன்பல் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. காலியான அலமாரித் தட்டில் அவற்றை வைத்து, ஜன்னலடியில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்கப் பிசிறில்லாத வெளிச்சம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அதைவிட முக்கியமாகப் பசித்தது.

அவர் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அறையின் வெளிச்சம் அவர் கால்விரல் வரை வந்து நின்றிருந்தது. கொஞ்சநேரம் பல்லைப்பற்றி விசாரித்தார், சூளையைப்பற்றி விசாரித்தார், நாற்காலி உயரம் போதுமா என்றார். எதற்கு வந்தாரோ அதை விட்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குக் காகிதத்தைக் கிழிச்சப்போ," என்றார், "அலமாரில இருந்ததெல்லாம் உன் கண்ணுல பட்டிருக்கும்ல. வேற எதாவது... பாத்தியா?"

பட்டிருந்தது. மேல் தட்டில் சிவப்பு வண்டி, அதன் இன்ஜின் மூடி. கீழ்த் தட்டில் நீலம், பின்தொட்டியின் இடதுபுறம். நான் என்ன செய்ய, என் கண் அப்படி.

"நான் பல்லைத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்புவதென்று முடிவு செய்திருக்கலாம். படுக்கையறைக்குத் திரும்பிப் போனார். கொஞ்சநேரத்தில் அங்கே, இருட்டில், அவர் வண்டிகளை இறக்கிவைத்து வேறு ஏதோ ஒரு வரிசையில் அடுக்குகிற சத்தம் கேட்டது.